மழையில் கத்திய ஃபேன் பெல்ட்: விருதுநகரிலிருந்து எம். புதுப்பட்டி வரை

போன மாதம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். ஐப்பசியில் மதுரையிலிருந்து காரில் சிவகாசிக்கு வெடி வாங்கப் போகிறார்களாம். மழை ஈரம் இருக்கிற காலைகளில் வண்டியைக் கிளப்பினால் முன்பக்கத்திலிருந்து ‘கீச்’சென்று ஒரு சத்தம் வருகிறதாம், ஐந்து நிமிடத்தில் அதுவாக நின்றுவிடுகிறதாம். “அப்படியே போகலாமா அம்மா?” என்று கேட்டிருந்தார். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அதே சாலையில், அதே ஐப்பசியில், அதே சத்தத்தோடு நான் ஒரு நாள் போய்வந்திருக்கிறேன். அதைச் சொன்னால்தான் அந்த ஒரு வரிக்கு அர்த்தம் இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அப்போது அந்தப் பக்கமெல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ‘அம்மை குத்த வந்திருக்காக’ என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

வெடிக் கம்பெனி ஊர்களுக்கு மட்டும் நாங்கள் மழை நாளாகப் பார்த்துப் போவோம். வேடிக்கையாக இருக்கும், ஆனால் காரணம் இருந்தது. தீபாவளிக்கு முந்தைய சீசனில் வெயில் அடித்தால் அம்மாமார்கள் யாரும் ஊசிக்கு நிற்க மாட்டார்கள், கூலி போய்விடும். மழை பெய்தால் வெடிமருந்து காயாது, பாதி வேலை நின்றுவிடும், எல்லோரும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், தூறல் விடாமல் பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம்.

நாங்கள் என்றால் நானும் டிரைவர் சவரிமுத்து அண்ணாச்சியும். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். வண்டியும் பட்டாளத்திலிருந்து ஏலத்துக்கு வந்ததுதான். பின்பக்கம் இரண்டு பெஞ்சும் ஒரு ஸ்ட்ரெச்சரும் போட்டு ஆஸ்பத்திரி வேனாக மாற்றியிருந்தார்கள். அந்த வண்டியின் எஞ்சின் மூடியை அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. ஒருமுறை ஆஸ்பத்திரி மேனேஜர் எண்ணெய் பார்க்கிறேன் என்று திறந்துவிட்டார், அண்ணாச்சி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

சத்தம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. எஞ்சினுக்கு முன்னால் ஒரு ரப்பர் பெல்ட் ஓடும். ஃபேனையும், ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பையும், மின்சாரம் எடுக்கும் டைனமோவையும் அந்த ஒரே பெல்ட்தான் சுழற்றும். அதுதான் கத்தியது. கோழியைப் பிடித்து அமுக்கினாற்போல ஒரு கீச்சொலி, விட்டு விட்டு. அண்ணாச்சி பெல்ட்டை இறுக்கினார். இரண்டு நாள் கழித்து மறுபடி இறுக்கினார். பார் சோப்பைத் தேய்த்தார், ஒரு மைல் தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தது, அப்புறம் முன்னைவிட மோசம். புது பெல்ட் போட்டார், நாலு நாளில் அதுவும் கத்தியது. இப்போது ஓடிக்கொண்டிருந்தது மூன்றாவது பெல்ட். மாற்றுப் பெல்ட் கையில் இல்லை, மதுரைக்குச் சொல்லிவிட்டிருந்தார்.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் காய்ச்சல் அட்டை எழுதிப் பழகிய கை. எதுவானாலும் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று கவனிப்பேன். அன்று ஆமத்தூர் தாண்டுவதற்குள் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன, சரியாகச் சொன்னால் காதில் பட்டன. ஒன்று, தூறலில் கத்துகிறது. இரண்டு, பெரிய பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறினால் சத்தம் சுத்தமாக நின்றுபோகிறது, ஒரு ஃபர்லாங் போனதும் திரும்பி வருகிறது. மூன்று, வானம் மப்பாக இருண்டிருந்ததால் அண்ணாச்சி விளக்கைப் போட்டபோதும் அணைத்தபோதும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவற்றுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் சொன்னேன்.

“மழையில ரப்பர் வழுக்குது நர்ஸம்மா, அம்புட்டுத்தான்” என்றார்.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி பதினேழு மைல். வெயில் நாளில் முக்கால் மணி நேரம். அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது, ஏழே முக்கால். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மழையில் அந்த மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் வண்டியே அரை ஆள் கனம் கூடிவிடும். ஓரம் இறங்கினால் ஏறுவது கஷ்டம். இன்றைக்குத் தார் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரம் இன்னும் கரிசல்தான், மறந்துவிடாதீர்கள். சிவகாசியில் டீ குடித்தோம், பன்னும் சாப்பிட்டோம். பிரஸ்களில் வேலை தொடங்கும் நேரம். தெருவெல்லாம் மை வாசனை. வெடிப்பெட்டி லேபிள் அச்சடித்த தாள்களை ஈரம் படாமல் தார்ப்பாயில் சுற்றித் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள்.

நாரணாபுரம் சிவகாசியை ஒட்டியே இருக்கிறது. எட்டரைக்கு அங்கே ஒரு வெடிக் கம்பெனியின் வாசலில் நின்றோம். ஃபோர்மேன் குடையோடு வந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், அப்புறம் வண்டியைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட் கத்திக்கொண்டிருந்தது.

“வாங்க நர்ஸம்மா. வண்டி மட்டும் உள்ள வேணாம்” என்றார்.

“போன மாசம் வந்தப்ப விட்டீகளே?” என்றார் அண்ணாச்சி.

“போன மாசம் கத்தல. சத்தம் போடுற எடத்துல தேய்மானம் இருக்கும், தேயுற எடத்துல சூடு இருக்கும். சூடு இருக்கிற எதையும் நான் உள்ள விடுறதில்ல.”

“மழையில நனைஞ்சு கெடக்கு. எங்கன சூடு?”

“மூடியத் தொறந்து தொட்டுப் பாருங்க. நான் ஒங்களக் குத்தம் சொல்லல அண்ணாச்சி. இங்கன எம்புட்டுப் பேரு வேலை செய்றாகன்னு ஒங்களுக்கே தெரியும்.”

அண்ணாச்சி தொட்டுப் பார்க்கவில்லை. முகம் இறுகிப்போய் வண்டியைத் திருப்பிச் சாலையோரம் நிறுத்தினார். என் ஊசி மருந்துப் பெட்டியைக் கம்பெனி ஆட்கள் இருவர் தலையில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். போகும்முன் நான் அவரிடம் சொன்னேன்: “அண்ணாச்சி, எனக்கு இங்க ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அதை ஒரு தடவை பாத்துருங்களேன்.”

“நேத்துதான் இறுக்கினேன் நர்ஸம்மா. பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல.”

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஏற்கனவே ஃபோர்மேன் முன்னால் தலைகுனிந்து நின்றுவிட்டார், நானும் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் வண்டிக்குள் ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு படுத்திருந்தார். பதினொன்றுக்கு நான் திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். இந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன்.

நாரணாபுரத்திலிருந்து எம். புதுப்பட்டி அன்றைய சாலையில் எட்டு மைல். பன்னிரண்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். டீச்சர் எனக்குத் தெரிந்தவர், என் சித்தி மகளோடு பயிற்சிப் பள்ளியில் படித்தவர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அழுகிற பிள்ளைகளை முதலில் அனுப்பினார். அழுகிற பிள்ளை வரிசையில் நின்றால் மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கும் என்பது அவர் கணக்கு. நல்ல கணக்கு. அதைப் பிறகு நானும் எல்லா ஊரிலும் கடைப்பிடித்தேன்.

இரண்டரை மணிக்கு ஒரு அம்மாள் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார்.

“நர்ஸம்மா, எம் மகளுக்கு ரத்தம் போகுது. இது எட்டாம் மாசம். வந்து பாருங்க, சீக்கிரம் வாங்க.”

இரண்டு தெரு தள்ளி வீடு. பேச்சியம்மாள் என்று பெயர், இருபது வயது இருக்கும், தலைப்பிரசவம். வெடிக் கம்பெனியில் திரி அறுக்கிற வேலை பார்த்தவள். பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இறுகியிருந்தது. இளகவே இல்லை. மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தேன். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது, ஆனால் மெதுவாக. இது வீட்டில் பார்க்கிற பிரசவம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பெரிய டாக்டர் வேண்டும், ஆபரேஷன் வேண்டும், ரத்தம் வேண்டும். அது எங்கள் விருதுநகர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. இருபத்தைந்து மைல்.

கணவன் கருப்பசாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை. மனைவிக்குக் காலையிலிருந்தே வயிற்றுவலி என்று ஆள் வந்து சொல்ல, சைக்கிளில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். கையில் மை கூடக் கழுவவில்லை.

“பொழச்சுக்கிருவாளா நர்ஸம்மா?” என்றார்.

“இப்பவே கிளம்பணும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஸ்ட்ரெச்சரில் அவளை ஏற்றினோம். அவளுடைய தாய் தலைமாட்டில், நான் கால்மாட்டில். கருப்பசாமி சைக்கிளை வேனின் கூரையில் கட்டிவிட்டு முன்னால் ஏறினார். திரும்பி வரப் பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்று. “இதெல்லாம் இப்ப தேவையா?” என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். மூன்று மணிக்கு வண்டி நகர்ந்தது.

ஊரைத் தாண்டி இரண்டு மைல் போயிருப்போம். சத்தம் அதுவரை நான் கேட்காத அளவுக்கு ஏறியது. பேச்சியம்மாளின் நாடியைப் பிடித்திருந்தேன், வேகமாகவும் மெலிந்தும் ஓடியது. குழந்தையின் துடிப்பைக் கேட்கலாம் என்று குழலை வைத்தால் அந்தக் கீச்சொலியைத் தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. அதோடு ரப்பர் கருகுகிற வாசனை. முன்னால் ஆவி பறந்தது. அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டினார். மூன்று இருபது.

எஞ்சின் நின்றதும் ஒரே அமைதி, மழை மட்டும். உடனே குழலை வைத்தேன். துடிப்பு இருந்தது.

அண்ணாச்சி மூடியைத் திறந்தார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெல்ட்டின் ஒரு ஓரம் முழுவதும் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. மறு ஓரம் புதிதாகவே இருந்தது. அவர் ஸ்பேனரை எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கினா சிவகாசி வரைக்கும் போயிரும்.”

“இறுக்காதீக அண்ணே, அந்துரும்” என்றது ஒரு குரல். கருப்பசாமி.

“ஏலே, ஒம் பொண்டாட்டி உள்ள கெடக்கா. நீ போய் அவகிட்ட இரு. இது ஒம் பிரஸ் மிசினு இல்ல.”

“பிரஸ்ல எனக்குப் பெல்ட்டு வேலைதான் அண்ணே. மேல ஒரே தண்டு ஓடும், அதுல இருந்து ஒவ்வொரு மிசினுக்கும் பெல்ட்டு எறங்கும். மழை நாள்ல அம்புட்டும் கத்தும். எது எதுக்குக் கத்துதுன்னு பாக்குறதுதான் என் சோலி. லூசா இருந்து கத்துறது வேற, கோணலா ஓடிக் கத்துறது வேற. இது கோணல். ஒரு ஓரம் மட்டும் தின்னுருக்கு, பாருங்க.”

“பதினெட்டு வருசமா வண்டி ஓட்டுறேன்…”

“அண்ணே, நான் ஒங்கள மதிக்கலன்னு நெனைக்காதீக. அவ செத்துருவா.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாச்சி எனக்கு மூன்று வருடப் பழக்கம். அவர் ஓட்டுகிற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன். இந்த மனிதரை எனக்கு ஒரு மணி நேரமாகத்தான் தெரியும், அதிலும் பயந்துபோய் நிற்கிறார். தப்பான ஆளை நம்பினால் அந்தப் பெண் இந்தச் சாலையிலேயே போய்விடுவாள். நாடி நூற்றிருபதைத் தாண்டியிருந்தது.

அப்போது கருப்பசாமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “நர்ஸம்மா, இது எப்பெப்பக் கத்துது?”

நோயாளியிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். காலையில் கவனித்ததையெல்லாம் சொன்னேன். பெரிய தண்ணீரில் இறங்கினால் நின்றுவிட்டுத் திரும்பி வருவதையும், விளக்குப் போட்டாலும் கூடாததையும் சொன்னேன்.

“அப்பச் சரி. லூசா இருந்தா வெளக்குப் போட்டதும் டைனமோவுக்குப் பாரம் கூடி இன்னும் கத்தணும். தண்ணி பட்டாலும் கூடத்தான் செய்யும், வழுக்கும்ல? இது நிக்குது. ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன், பாத்துட்டு நீங்களே சொல்லுங்க அண்ணே.”

“ஓட்டிப் பாப்போம் அண்ணாச்சி” என்றேன். “ஒரு நிமிசம்தான்.”

அண்ணாச்சி போய்ச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது, பெல்ட் கத்தியது. கருப்பசாமி என் எனாமல் குவளையில் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு, கையை எட்டவே வைத்துக்கொண்டு பெல்ட்டின் உள்பக்கத்தில் ஊற்றினார். சத்தம் சட்டென்று நின்றது. பத்து எண்ணியிருப்பேன். கீச், கீச் என்று மறுபடி தொடங்கியது.

அண்ணாச்சி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். “சரி, எது கோணல்?” என்றார். குரல் இறங்கியிருந்தது.

நேராகப் பிடித்துப் பார்க்க நூல் வேண்டும் என்றார் கருப்பசாமி. என் பிரசவப் பையில் தொப்புள்கொடி கட்டுகிற நூல் இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். கீழே எஞ்சின் கப்பி, நடுவில் பம்புக் கப்பி, பக்கத்தில் டைனமோவின் கப்பி. பெல்ட் ஓடுகிற இந்த மூன்று கப்பிகளின் முகமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். எஞ்சின் கப்பியிலும் பம்புக் கப்பியிலும் நூல் ஒட்டி நின்றது. டைனமோ கப்பியை மட்டும் தொடவில்லை, அது பின்னால் தள்ளியிருந்தது. எவ்வளவு என்று பார்க்க அண்ணாச்சியே தன் தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்து இடைவெளியில் செருகினார். இரண்டு குச்சி உள்ளே போனது, மூன்றாவது போகவில்லை. இரண்டு தீக்குச்சி கனம், அவ்வளவுதான் கோணல்.

அண்ணாச்சி அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “போன மாசம் டைனமோவக் கழட்டி மாட்டினது நான்தான். போல்ட்டுல, டைனமோவுக்குப் பின்னாடி, ரெண்டு வளையம் வரும். போட்டேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல.”

போடவில்லை. மறுநாள் அந்த வளையங்கள் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற ஷெட்டில் ஒரு டப்பாவில் கிடந்தன. ஆனால் அப்போது எங்களுக்கு வளையத்துக்கு எங்கே போவது? கருப்பசாமி கேட்கவே இல்லை. கூரையில் ஏறிச் சைக்கிளை இறக்கினார். முன் சக்கரத்து அச்சில் இரண்டு வாஷர், பின் சக்கரத்து அச்சில் இரண்டு. நாலையும் கழற்றினார். டைனமோவின் இரண்டு போல்ட்டுக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்தால் கணக்குச் சரியாக வந்தது. அண்ணாச்சி போல்ட்டைப் பிடிக்க, அவர் வாஷரைச் செருக, நான் குடையைப் பிடித்தேன். சூட்டில் அண்ணாச்சியின் புறங்கை கன்றிச் சிவந்தது, கையை எடுக்கவில்லை. பெல்ட்டின் பிய்ந்த நூல்களைக் கத்தரியால் வெட்டி, திருப்பி மாட்டினார்கள், நல்ல ஓரம் தேய்கிற பக்கத்துக்கு வரும்படி. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிற அளவுக்கு, அதற்கு மேல் இறுக்கவில்லை. ரேடியேட்டர் கொஞ்சம் ஆறிய பிறகு துணியால் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள்.

வண்டி நின்றதிலிருந்து இதற்கெல்லாம் மொத்தம் இருபத்தெட்டு நிமிடம் ஆனது. நடுவில் மூன்று தடவை நான் உள்ளே போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு தடவை துடிப்பு கேட்டது. மூன்றாம் தடவை கேட்டதா, எனக்குக் கேட்க வேண்டும் என்ற ஆசையா என்று இன்றும் சொல்ல முடியவில்லை.

மூன்று ஐம்பதுக்குக் கிளம்பினோம். சத்தம் இல்லை. அதே தூறல், அதே பள்ளம், அதே வண்டி. எஞ்சின் மட்டும் ஓடியது. சக்கரம் கழன்ற சைக்கிளைச் சாலையோரம் ஒரு தோட்டத்து வேலியில் சாய்த்துவிட்டு வந்துவிட்டார் கருப்பசாமி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாச்சி அன்று ஓட்டியதைப் போல் யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேகமும் உண்டு, பள்ளத்தில் குலுக்கலும் இல்லை. வழியில் ஒரே ஒரு தடவை பேசினார்.

“தம்பி, சத்தம் வருதா பாரு.”

“இல்ல அண்ணே. போங்க.”

ஐந்து இருபதுக்கு ஆஸ்பத்திரி வாசல். டாக்டர் அம்மா ஏப்ரனோடு வந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார்கள். அரை மணி நேரத்தில் ஆபரேஷன். குழந்தை பெண். உயிர் இல்லை. பேச்சியம்மாளுக்குக் கருப்பசாமி ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார், வகை சேர்ந்தது. போதவில்லை. அண்ணாச்சியின் வகையும் சேர்ந்தது, அவரும் கொடுத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மாவிடம் நான் கேட்டேன், அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று. “இந்தக் கேஸ்ல யாராலும் சொல்ல முடியாதும்மா” என்றார்கள். அது உண்மைதான், நானும் பிறகு பல பேருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நாரணாபுரத்தில் வண்டி சும்மா நின்ற அந்த இரண்டரை மணி நேரம் என் நினைவை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சி பார்க்கவில்லை, நான் சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். இருவருக்கும் அதில் பங்கு உண்டு.

அண்ணாச்சி மறுநாள் காலை தானாகப் போய் டாக்டர் அம்மா முன்னால் அந்த இரண்டு வளையங்களையும் மேஜைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார். நான் வெளியே நின்றிருந்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. பிறகு கருப்பசாமியிடமும் சொன்னார். வார்டு வாசலில் வைத்து, நின்றபடி. கருப்பசாமி படியில் உட்கார்ந்தபடி கேட்டார்.

“நீங்க வேணும்னு செய்யலையே அண்ணே” என்றார் கடைசியில். பிறகு எழுந்து மனைவியிடம் போய்விட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிற உரிமை எங்கள் இருவருக்கும் இல்லை.

இனி, போகிறவர்களுக்கு.

சாலை மாறிவிட்டது. விருதுநகரிலிருந்து சிவகாசி இன்று காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மதுரையிலிருந்து வருகிறவர்கள் விருதுநகரில் திரும்புங்கள். சாத்தூர் வரை நெடுஞ்சாலையில் போய் வலப்பக்கம் வந்தாலும் வரலாம், சுற்று. ஐப்பசியில் மதியத்துக்கு மேல்தான் மழை பெரும்பாலும் வலுக்கும், ஆகவே காலையில் போய் வெடி வாங்கிவிட்டு இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். வாங்கிய பெட்டியை எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். கம்பெனி வாசலில் யாராவது ‘வேண்டாம்’ என்றால் வாதாடாதீர்கள்.

சத்தத்துக்கு வருகிறேன். என் பேரன் வண்டி வேலை தெரிந்தவன், அவனிடமும் கேட்டுக்கொண்டேன். இந்தக் காலத்து வண்டிகளில் பெல்ட் அகலமாக, வரிவரியாக இருக்கிறது, தானாக இறுக்கிக்கொள்கிற கருவியும் இருக்கிறது. ஆனாலும் கேள்வி அதேதான். ஈரக் காலையில் மட்டும் ஒரு நிமிடம் முனகிவிட்டு நின்றால் பெரும்பாலும் பனியும் தூசியும்தான். தினமும் வந்தால், நேரம் கூடிக்கொண்டே போனால், அது வேறு. வாசகி சொன்ன ஐந்து நிமிடத்துக்கு என் ஒரு வரி: மெக்கானிக்கிடம் காட்டாமல் கிளம்பாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று இரண்டு நாள் எழுதிவையுங்கள். விளக்கும் ஏசியும் போட்டால் கூடுகிறதா பாருங்கள், கூடினால் பெரும்பாலும் தளர்ச்சி. கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் அதிகமானாலும் தளர்ச்சிதான். நின்றுவிட்டுத் திரும்பி வந்தால் கப்பிகளின் நேரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுகிற எஞ்சினில் கையையோ சேலைத் தலைப்பையோ விட்டுவிடாதீர்கள், தெளிக்கிற வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். சோப்பு, எண்ணெய், மெழுகு எதையும் தேய்க்காதீர்கள். பெல்ட்டை மாற்றுவதற்கு முன்னால் பழைய பெல்ட்டின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். அதைப் பார்க்காமல் நாங்கள் மூன்று பெல்ட்டைத் தின்னக் கொடுத்தோம்.

இரண்டு வருடம் கழித்துப் பேச்சியம்மாள் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை கருப்பசாமி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாள் நெருங்குவதற்கு மூன்று வாரம் முன்பே அவளைப் பஸ்ஸில் விருதுநகருக்குக் கூட்டிவந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கினார். பையன் பிறந்தான், நல்ல எடை. கருப்பசாமி காத்திருந்த அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு நாள் காலையும் ஷெட்டுக்குப் போவார். சவரிமுத்து அண்ணாச்சி வேனின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். இருவரும் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. எஞ்சின் ஓடும், கருப்பசாமி தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு சரி என்று கையைக் காட்டுவார். அதன் பிறகுதான் வண்டி கிளம்பும்.